சப்வூஃபர் உங்க வீட்டில்... அதிர்வு கீழ் வீட்டிலா? - பேட் வாங்கும் முன் இந்த மெத்தை டெஸ்ட்டைப் பண்ணிப் பாருங்க!

சனிக்கிழமை இரவு. புதுசா வாங்கின ஹோம் தியேட்டரில் டைனோசர் படம். அது ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் சோபாவே குலுங்குது. 'செம்ம!' என்று நீங்கள் சிலிர்க்கிற நேரத்தில் காலிங் பெல். கதவைத் திறந்தால் கீழ் வீட்டு அங்கிள்.

"தம்பி, சத்தம்கூடப் பெருசா இல்லப்பா... எங்க ஷோகேஸ் கண்ணாடியெல்லாம் ஆடுது. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, தூங்கவே முடியலைங்கிறாங்க."

வால்யூமைக் குறைக்கிறீர்கள். டைனோசர் பூனை மாதிரி நடக்க ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த நாள் ஆன்லைனில் தேடினால் ரப்பர் உருண்டை, ஃபோம் பேட், ஸ்பிரிங் கால், ஸ்டீல் ஸ்பைக் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. விலை சில நூறு ரூபாயில் ஆரம்பித்துப் பல ஆயிரம் வரை போகிறது. எல்லாமே 'அதிர்வை அடியோடு தடுக்கும்' என்றுதான் சொல்கின்றன.

எதை வாங்குவது? வாங்கினால் அங்கிள் மறுபடி பெல் அடிக்க மாட்டாரா? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அதிர்வு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

போனை வைத்தே புரிஞ்சுக்கலாம்!

உங்கள் போனை வைப்ரேட் மோடில் போட்டுக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். யாரையாவது கால் பண்ணச் சொல்லுங்கள். மெல்லிசாக 'உர்ர்' என்கிறதா? அதே போனை மர மேஜை மேல் வையுங்கள். 'டர்ர்ர்' என்று ரூம் முழுக்கக் கேட்கும். எவர்சில்வர் தட்டில் வைத்தால் கேட்கவே வேண்டாம். இப்போது போனுக்கு அடியில் நான்காக மடித்த டவலை வையுங்கள். சத்தம் அடங்கிவிடும்.

போனுக்குள் சுற்றுகிற மோட்டார் அதேதான். மேஜை அந்த அதிர்வை வாங்கித் தன் பெரிய பரப்பால் காற்றைத் தள்ளுகிறது, அதனால் சத்தம் பெரிதாகிறது. வீணையில் தந்தி மட்டும் தனியாக அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. குடமும் பலகையும் சேர்ந்து அதிர்வதால்தான் கச்சேரியே நடக்கிறது. வீணைக்குக் குடம் தேவை. ஸ்பீக்கருக்கு உங்கள் டி.வி யூனிட் குடமாக மாறினால் அது தொல்லை.

அந்த டவல் செய்த வேலைதான் ஐசொலேஷன். அதிர்கிற பொருளுக்கும் அதைத் தாங்கும் பொருளுக்கும் நடுவே நெகிழ்வான ஒன்றை வைத்து, அதிர்வு கடக்கும் பாலத்தை அறுத்துவிடுவது.

கீழ் வீட்டுக்கு ரெண்டு ரூட்!

சப்வூஃபரின் அதிர்வு கீழ் வீட்டுக்கு இரண்டு வழிகளில் போகிறது.

முதல் வழி, கட்டடம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் நகரும்போது பெட்டியை எதிர்த்திசையில் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. பெட்டி தரையைத் தள்ளுகிறது, தரை சுவரைத் தள்ளுகிறது.

இரண்டாவது வழி, காற்று. சப்வூஃபர் அறைக்குள் இருக்கும் காற்றை அழுத்துகிறது. அந்தக் காற்று தரை, சுவர், சீலிங் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தள்ளுகிறது. கான்கிரீட்டாக இருந்தாலும் கொஞ்சம் அசையும். அந்த அசைவு கீழ் வீட்டுக் காற்றைத் தள்ளும்.

ரப்பர் பேட் அடைப்பது முதல் வழியை மட்டும்தான். இரண்டாவது வழியில் போகும் பேஸை எந்த பேடும் தடுக்காது, அதன் விலை எத்தனை ஆயிரமாக இருந்தாலும்! பலர் காசை விடுவது இந்த இடத்தில்தான்.

ஃபாரின் வீடியோ... நம்ம ஊர்த் தரை!

'பேட் போட்டேன், அதிர்வு மொத்தமும் காலி' என்று சொல்லும் அமெரிக்க, பிரிட்டன் வீடியோக்கள் நிறைய உண்டு. பொய் என்று சொல்ல முடியாது. அங்கே பல வீடுகளில் தரை என்பது மரச் சட்டங்கள் மேல் அடித்த பலகை. உள்ளே வெற்றிடம். கிட்டத்தட்ட ஒரு மேளம்! அதன் மேல் சப்வூஃபரை வைத்தால் தரையே ஸ்பீக்கராகிவிடும். பேட் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

நம் அப்பார்ட்மென்ட்களில் இருப்பது கான்கிரீட் தளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடிக்கு 12 அடி ரூம், 5 இன்ச் தடிமன் தளம் என்றால் கான்கிரீட் மட்டுமே 3 டன்னுக்கு மேல். சப்வூஃபரின் கூம்பு சில நூறு கிராம். அது பெட்டியைத் தள்ளி, பெட்டி தளத்தைத் தள்ளி... அவ்வளவு சுலபமாக அசையாது. அதனால் கான்கிரீட் தளத்தில் காற்று வழியின் பங்கு கூடுகிறது. பேடின் பலன் மர வீட்டில் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் ஒவ்வொரு கட்டடமும் வேறு. உங்கள் வீட்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு ஃப்ரீ டெஸ்ட் இருக்கிறது.

மெத்தை டெஸ்ட்!

தேவையானவை: ஒரு தடிமனான ஃபோம் மெத்தை அல்லது சோபா குஷன், கீழ் வீட்டில் நிற்க ஒரு ஃபிரெண்ட், அங்கிளின் அனுமதி.

1. பேஸ் நிறைய வரும் ஒரு காட்சியையோ பாட்டையோ தேர்ந்தெடுத்து, எப்போதும் கேட்கும் வால்யூமில் வையுங்கள். ஃபிரெண்ட் கீழே கேட்கட்டும். வால்யூம் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அதே இடத்தில் சப்வூஃபருக்கு அடியில் மெத்தையை வையுங்கள். பெட்டி சாயாமல் பக்கத்தில் நில்லுங்கள். காற்று வரும் ஓட்டை அடைபடக் கூடாது. கூம்பு கீழ்நோக்கி இருக்கும் மாடல் என்றால், நடுவில் ஒரு கனமான பலகையைப் போட்டு அதன் மேல் வையுங்கள்.

3. அதே காட்சி, அதே வால்யூம். ஐந்து நிமிடம் போதும்.

கீழே அதிர்வு நன்றாகக் குறைந்ததா? கட்டட வழியாகத்தான் போகிறது. பேட் வாங்கலாம், பலன் கிடைக்கும். எந்த வித்தியாசமும் இல்லையா? காற்று வழி. பேட் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். மெத்தை அளவுக்கு அமுங்கிக் கொடுக்கும் பேட் கடையில் கிடைப்பது அபூர்வம். அதுவே தடுக்காததை பேட் தடுக்காது.

பேட் எப்படித் தேர்ந்தெடுப்பது?

'மெத்துனு இருந்தா போதும்' என்று நினைக்காதீர்கள். பேடும் அதன் மேல் இருக்கும் பெட்டியும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் மாதிரி. ஒரு தட்டு தட்டினால் அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆடும். அதுதான் அதன் இயற்கை அதிர்வெண். வரும் அதிர்வு அதைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் தடுப்பே ஆரம்பிக்கும். 3 மடங்கு இருந்தால் நல்ல பலன். 1.4 மடங்குக்குக் கீழே? தடுக்காது. இயற்கை அதிர்வெண்ணும் வரும் அதிர்வும் ஒன்றாகிவிட்டால், குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும்!

எளிமையாகக் கண்டுபிடிக்க ஒரு வழி: எடை வைத்ததும் பேட் எவ்வளவு அமுங்குகிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

* 1 மி.மீ. அமுங்கினால் - சுமார் 16 ஹெர்ட்ஸ்
* 4 மி.மீ. அமுங்கினால் - சுமார் 8 ஹெர்ட்ஸ்
* 10 மி.மீ. அமுங்கினால் - சுமார் 5 ஹெர்ட்ஸ்

ரப்பர் அதிரும்போது இன்னும் கொஞ்சம் விறைக்கும் என்பதால் நிஜத்தில் இந்த எண்கள் சற்றுக் கூடும். சப்வூஃபர் 25, 30 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்கிறது என்றால், குறைந்தது 4 மி.மீ.யாவது அமுங்கும் பேட் வேண்டும். கல் மாதிரி அமுங்காமல் நின்றால் வேஸ்ட். அப்பளமாக நசுங்கிவிட்டாலும் வேஸ்ட்.

அதனால்தான் எடை முக்கியம். 16 கிலோ சப்வூஃபருக்கு நாலு பேட் என்றால் ஒவ்வொன்றும் 4 கிலோ தாங்கும். அந்த எடைக்கான பேடைத்தான் வாங்க வேண்டும். 'வாஷிங் மெஷினுக்குப் போடுறதுதானே, ஸ்பீக்கருக்கும் போடலாம்' என்று சிலர் யோசிப்பதுண்டு. வாஷிங் மெஷின் ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு கனமாக இருக்கும். அதற்கான ரப்பர் கால், 5 கிலோ ஸ்பீக்கருக்கு அடியில் வெறும் கல்தான்.

அப்போ ஸ்பைக்?

கூர்மையான ஸ்டீல் கால்களை 'அதிர்வை உறிஞ்சும்' என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் ஸ்பைக் வேலை நேர் எதிர். கார்ப்பெட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கி, ஸ்பீக்கர் ஆடாமல் தரையோடு இறுக்கமாக நிற்க வைப்பதுதான் அதன் வேலை. இது அதிர்வைப் பிரிக்காது, தரையோடு இணைக்கும். டைல்ஸ் தரையில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே உறுதியான பலன், கீறல்!

பேட் கண்டிப்பாக வேலை செய்யும் இடங்கள்

ஸ்டடி டேபிள், டி.வி யூனிட், ஷெல்ஃப். பிளைவுட், எம்.டி.எஃப் பலகைகள் மெலிசானவை, உள்ளே வெற்றிடம் வேறு. ஸ்பீக்கரை நேரடியாக வைத்தால் மேஜையே பாட ஆரம்பிக்கும். பாடகர் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் 'பொம்' என்று இருந்தால் இதுதான் காரணம். அடர்த்தியான ஃபோம் பேடோ, எடைக்கேற்ற ரப்பர் காலோ வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். அதே மேஜையில் மைக் வைத்து ரீல்ஸோ பாட்காஸ்ட்டோ பண்ணுகிறீர்கள் என்றால் மைக்குக்கு ஷாக் மவுன்ட் போடுங்கள். கீபோர்டு தட்டும் சத்தமும் குறையும்.

ரெக்கார்டு பிளேயர் வச்சிருக்கீங்களா?

ஹோம் ஆடியோவில் ஐசொலேஷன் மிக அவசியமான பொருள் இதுதான். இசைத்தட்டின் பள்ளம் கிட்டத்தட்ட முடி அளவு அகலம். அதன் சுவர்களில் உள்ள நுண்ணிய நெளிவுகளைத்தான் ஊசி இசையாக மாற்றுகிறது. தரையிலிருந்து வரும் அதிர்வுக்கும் பாட்டுக்கும் ஊசிக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்பீக்கரின் பேஸ் தட்டை ஆட்ட, அதை ஊசி எடுத்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்ப, ஸ்பீக்கர் இன்னும் பலமாக ஆட்ட... கடைசியில் 'ஊஊ' என்று ஊளை! நடந்துபோனால் ஊசி குதிப்பதும் இந்த ரகம்தான்.

அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் 1961-ல் ஏ.ஆர் டர்ன்டேபிளில் இதற்கு ஒரு வழி செய்தார். தட்டையும் ஊசிக் கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்குகளில் மிதக்கவிட்டார். பிறகு வந்த பல டர்ன்டேபிள்கள் இந்த வழியைப் பின்பற்றின.

உங்களுடையது ஸ்பிரிங் இல்லாத சாதாரண மாடலா? முதலில் அதை ஸ்பீக்கர் இருக்கும் மேஜையிலிருந்து பிரியுங்கள். தூணோடோ பெரிய சுவரோடோ திருகிய ஷெல்ஃப் இருந்தால் அதுதான் பெஸ்ட். முடியாவிட்டால் பஞ்சர் கடை டெக்னிக் இருக்கு:

மார்பிள் கடையில் ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடி, முக்கால் இன்ச் தடிமனில் கடப்பா கல் வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வாங்குங்கள். எடை 8, 9 கிலோ வரும். குழந்தைகள் சைக்கிளின் 12 இன்ச் டியூப் ஒன்று. மேஜை மேல் டியூப், அதன் மேல் கல், கல் மேல் டர்ன்டேபிள். டியூபில் காற்று பாதிக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். கல்லை அழுத்தினால் மெதுவாக அசைந்து நிற்க வேண்டும், மேஜையில் இடிக்கக் கூடாது. ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். காற்று மெல்ல இறங்கும் என்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை செக் பண்ண வேண்டும். ஏற்கெனவே ஸ்பிரிங்கில் மிதக்கும் மாடலுக்கு இதைச் செய்யாதீர்கள். ஸ்பிரிங் மேல் ஸ்பிரிங் என்றால் ஆட்டம் கூடும்.

இதுக்கெல்லாம் தேவையே இல்லை!

சாதாரண ஆம்ப்ளிஃபையர், டி.ஏ.சி, ஸ்ட்ரீமிங் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், கேபிள்... இவற்றில் அசையும் பாகம் இல்லை. வீட்டில் வரும் அதிர்வு இவற்றின் ஒலியை மாற்றாது. 'கேபிளுக்கு ஸ்டாண்டு, ஆம்ப்புக்கு ஆயிரக்கணக்கில் கால்' என்றால் நைஸாக நகர்ந்துவிடுங்கள். வால்வ் ஆம்ப்ளிஃபையர் விதிவிலக்கு. கண்ணாடி வால்வுக்குள் இருக்கும் நுண்கம்பிகள் அதிரும், மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கும்.

இன்னொரு விதிவிலக்கு ஹார்டு டிஸ்க். 2008 இறுதியில் பிரெண்டன் கிரெக் என்ற இன்ஜினீயர் டேட்டா சென்டரில் டிஸ்க்குகளைப் பார்த்துக் கத்தி, அதனால் அவற்றின் வேகம் தடுமாறுவதை வீடியோவில் காட்டினார். படங்கள் சேமித்த ஹார்டு டிஸ்க்கை சப்வூஃபர் தலையில் வைக்காதீர்கள்!

'ஆப்பில் 45-தானே காட்டுது அங்கிள்?'

இந்த வாதத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதே வரம்பு. இந்த அளவும், உங்கள் ஆப் பொதுவாகக் காட்டும் அளவும் 'ஏ' என்ற முறையில் கணக்கிடப்படுபவை. காதுக்குக் குறைவாகக் கேட்கும் பேஸை அந்த முறை குறைத்தே எண்ணும். 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபல் கழிந்துவிடும். அதாவது 70 டெசிபல் பேஸ் ஆப்பில் வெறும் 40! போதாக்குறைக்குப் பல போன் மைக்குகள் பேஸைச் சரியாகப் பதிவதும் இல்லை. ஆப் அமைதி என்கிறது, கீழே ஷோகேஸ் ஆடுகிறது. ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மைதான்.

அதிர்வை அளக்க வேறொரு ஆப் இருக்கிறது. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் உருவாக்கிய இலவச ஆப், ஃபைஃபாக்ஸ். போனின் அசைவு சென்சாரை வைத்து வேலை செய்கிறது. போனைத் தரையில் வைத்து, ஒரே டோனை ஒரே வால்யூமில் ஓட்டி, பேட் போடும் முன்னும் பின்னும் எண்களை ஒப்பிடுங்கள்.

காற்று வழி என்றால் என்ன செய்வது?

40 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் சுமார் 28 அடி. கர்ட்டன், முட்டை அட்டை, சுவரில் ஒட்டும் ஃபோம் எதுவும் அதை நிறுத்தாது. ஆனால் பைசா செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன.

* மூலையிலிருந்து நகர்த்துங்கள்: சுவர் மூலையில் வைத்தால் பேஸ் கூடும்.
* பக்கத்தில் வையுங்கள்: சப்வூஃபரை சோபா அருகே கொண்டுவந்து, அதன் வால்யூமைக் குறையுங்கள். உங்களுக்கு அதே குலுக்கல், கீழே போவது குறைவு.
* நைட் மோடு: பல சவுண்ட்பார்களிலும் ரிசீவர்களிலும் இருக்கிறது. வெடிச்சத்தத்தை அடக்கி, வசனத்தைத் தெளிவாக்கும்.
* தாளம் போடும் பொருட்கள்: போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 20-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். எந்த இடத்தில் ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, பரண் பாத்திரம் அதிர்கிறது என்று பிடித்துவிடலாம். ஒரு துண்டு ஃபெல்ட், மடித்த துணி போதும்.

புதுசா வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ்: எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கூம்புகள் வைத்த சப்வூஃபர்கள் இருக்கின்றன. ஒன்று தள்ளுவதை இன்னொன்று சமன் செய்துவிடுவதால் பெட்டி அதிர்வது மிகக் குறைவு. ஆனால் காற்று வழி அப்படியேதான் இருக்கும், மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை...

எல்லாம் செய்து முடித்த பிறகு, ஒருநாள் மாலை நீங்களே கீழே போய் பெல் அடியுங்கள். "அங்கிள், ஒரு அஞ்சு நிமிஷம். மேல பாட்டு ஓடுது, உங்க ரூம்ல நின்னு பார்த்துட்டுப் போறேன்" என்று கேளுங்கள். உடம்பு முடியாத அந்த அம்மா படுக்கும் ரூமில் நின்று கேளுங்கள். கட்டிலில் கை வைத்துப் பாருங்கள். மேலே இருக்கும் ஃபிரெண்டிடம் போனில் சொல்லி, அதிர்வு தெரியாத நிலைக்கு வால்யூமைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள். 10 மணிக்கு மேல் அதுதான் உங்கள் லிமிட்.

அதற்கு மேல் டைனோசர் நடக்க வேண்டுமா? ஹெட்போன் இருக்கே பாஸ்!